கார்பிடோபா என்னும் துணைமருந்து

நோயுற்ற இடத்தைச் சென்று சேர்தலே மருந்தின் கடமை என்று நாம் எண்ணுகிறோம். அவ்விடத்தை அடைய இயலாமையையே தன் தகுதியாகக் கொண்ட மருந்தும் ஒன்றுண்டு. நடுக்குவாதத்தினர்க்கு லெவோடோபாவுடன் கூட்டி அளிக்கப்பெறும் கார்பிடோபாவே அது.

1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் விரித்தெழுதிய இந்நோயில் நிகழ்வது நடுக்கம் மட்டுமன்று; உடல் விறைக்கும், நடை தளரும், செய்கை யாவும் மெதுவாகும். நடுமூளையின் கரும்பொருட் பகுதியில் உயிரணுக்கள் அழிய, அவை தரும் டோபமைன் குன்றுகிறது. இக்குறைவை 1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் காட்டினர். குறைந்ததையே கொடுத்தால் ஆகாதோ எனின், ஆகாது. குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடை உண்டு. டோபமைன் அதனைக் கடவாது. அதன் முன்னிலைப் பொருளாகிய லெவோடோபா கடக்கும். கடந்தபின் டீகார்பாக்ஸிலேஸ் என்னும் நொதி அதனை டோபமைனாக மாற்றும். (நம் நாட்டுப் பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு; 1937-இல் தாமோதரனும் இராமசாமியும் அதனை அவ்விதையினின்று பிரித்தெடுத்தனர்.)

இனி இடர் யாதெனின், அந்நொதி மூளையில் மட்டும் உறைவதன்று. குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உள்ளது. ஆதலின் தனியே உண்ட லெவோடோபாவிற் பெரும்பகுதி வழியிலேயே மாறிவிடும். மூளையைச் சேர்வது நூற்றில் ஓரிரு பங்கே. வழியிற் பிறந்த டோபமைன் வீணாவதோடு நில்லாது. வாந்தியைத் தூண்டும் பகுதி தடைக்கு வெளியே அமைந்திருத்தலின், அதனையும் சென்று தாக்கும். 1967-இல் ஜார்ஜ் கோட்ஸியாஸ் டோபாவை நாளொன்றுக்குப் பல கிராம் கொடுத்தே பயன் கண்டார். எழுந்து நடப்பதற்கு நோயாளி தந்த விலை, உண்டதை உமிழ்தல்!

டீகார்பாக்ஸிலேஸ் தொழிற்படுதற்கு வைட்டமின் பி6-இன் வழிவந்த துணைப்பொருள் வேண்டும். கார்பிடோபாவின் ஹைட்ரஸீன் பகுதி அத்துணைப்பொருளைப் பற்றிக்கொள்ள, நொதி செயலற்றுப்போம். ஆயின் கார்பிடோபா மூளைத்தடையைக் கடவாது. எனவே உள்ளிருக்கும் நொதி இடையூறின்றித் தன் பணியைச் செய்யும். இங்ஙனம் லெவோடோபாவின் தேவை ஏறத்தாழ முக்காற்பங்கு குறைகிறது. இவ்விரண்டும் சேர்ந்த மாத்திரைக்கு ‘ஸினமெட்’ என்று பெயரிட்டவர் மொழியறிந்தவர் போலும்! லத்தீனில் ‘ஸினே’ என்பது ‘இன்றி’ எனப் பொருள்படும்; வாந்தியின்றி என்பதே கருத்து.

அளவு இங்கே பெரிதும் நோக்கத்தக்கது. வெளியிலுள்ள நொதியை நன்கு அடக்க நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா வேண்டும். 100 மில்லிகிராம் லெவோடோபாவுடன் 10 மில்லிகிராமே கலந்த மாத்திரையை மும்முறை உண்பவர்க்குக் கிட்டுவது 30 தான். அவர்க்குக் குமட்டல் நீங்காமை வியப்பன்று. 25 கலந்ததாயின் 75 கிட்டும்.

ஆயினும் கார்பிடோபா தனித்து நடுக்கத்தைத் தணிப்பதன்று. உயிரணுக்களின் அழிவையும் இவ்விரு மருந்தும் தடுப்பதில்லை. ஆண்டுகள் சில சென்றபின் நோயாளர் பலர்க்குக் கைகால்கள் தம் வயமின்றி நெளியத் தொடங்குகின்றன. அது மூளைக்குள் டோபமைன் ஆற்றும் வினை. அங்கே கார்பிடோபாவுக்கு இடமில்லை.