விடியலில் ஒரு நிழற்படம்

நாற்பது ஆண்டுகள் நெய்தல் திணையைப் பாடஞ்சொன்னவன் நான். கானலும் கழியும் குருகும் என் நாவிலே நாள்தோறும் புரண்ட சொற்கள். ஆயினும், அக்குருகினம் ஈரமணலில் எவ்வாறு அடிபெயர்த்து நடக்கின்றது என்பதை ஒருநாளேனும் அருகிருந்து நோக்கியவனல்லேன். அக்குறையை என் பழைய மாணாக்கர் ஒருவர் தீர்த்துவைத்தார். கடற்கரையில் மேயும் சிறு பறவைகளை நிழற்படம் எடுப்பதில் அவர் பெரிதும் ஈடுபட்டவர். பங்குனித் திங்களின் இறுதியில் ஒருநாள், “ஐயா, தாங்கள் வகுப்பறையில் காட்டிய நெய்தலை நான் தங்களுக்குக் கரையிலே காட்டுகிறேன், வாருங்கள்” என்று அழைத்தார். கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? உடனே புறப்பட்டேன்.

நாங்கள் சென்றது தனுக்கோடி. இராமேசுவரத் தீவிலிருந்து தென்கிழக்கே நாக்குப்போல் நீண்டு கிடக்கும் மணற்பரப்பு அது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வீசிய பெரும்புயல் அவ்வூரை ஓரிரவில் பாழாக்கியது. இடிந்த சுவர்கள் சில இன்றும் நிற்கின்றன. மணல்நாக்கின் வடபுறத்துக் கடலைப் பெண்கடல் என்றும், தென்புறத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அங்குள்ளோர் வழங்குவர். முன்னது அமைந்து கிடப்பது, பின்னது ஆர்ப்பரிப்பது. ஆனால் பங்குனியில் ஆண்கடலும் சற்றே அடங்கியிருக்கும்.

இருள் பிரியுமுன்னரே கரையை அடைந்தோம். “இத்துணை விரைவு எதற்கு, தம்பி?” என்று கேட்டேன். அவர் நகைத்து, “ஐயா, நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு என்று தாங்கள் கற்பித்தீர்கள். என் கருவிக்கோ விடியலே பொழுது” என்றார். அதற்கு அவர் கூறிய காரணம் அறியத்தக்கது. ஞாயிறு அடிவானில் இருக்கும்போது அதன் கதிர் காற்றுமண்டலத்தினூடே நெடுந்தொலைவு ஊடுருவி வருகின்றது. வரும் வழியில் அதன் நீலக்கூறு பெரிதும் சிதறிவிட, செம்பொன் நிறமே எஞ்சுகின்றது. அவ்வொளி பக்கவாட்டில் விழுவதால் இறகின் ஒவ்வோர் அடுக்கும் தனித்துத் தோன்றும். பறவையின் கண்ணிலும் ஓர் ஒளிப்புள்ளி மின்னும். உச்சிப்பொழுதிலோ மணல் கண்ணைக் கூசச்செய்யும்; பறவையின் முகத்தில் கருநிழல் விழும்; சூடேறிய மணலின்மேல் காற்று நெளிந்து நெளிந்து உருவத்தைக் கலைத்துவிடும். ஒளியையும் நிழலையும் இவ்வாறு அளந்தறிந்த முன்னோடி, மா. கிருஷ்ணன் (1912–1996) அவர்கள். ‘பத்மாவதி சரித்திரம்’ இயற்றிய அ. மாதவையாவின் மைந்தராகிய அவர், கானுயிர்களைக் கருப்பு வெள்ளையிலேயே படம் பிடித்துப் புகழ்பெற்றவர்.

கீழைக்கடற்கரையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஞாயிறு கடலிலிருந்தே எழுவதால், நீரை நோக்கி அமர்ந்தால் பறவை கரிய உருவாகவே தெரியும். தனுக்கோடியின் தென்கரையில் அவ்விடரில்லை. அங்கே நீரை நோக்கிக் கிடப்போர்க்கு ஞாயிறு இடத்தோளின் பின்னே எழுகின்றது. என் மாணாக்கர் அவ்விடத்தையே தேர்ந்தார்.

தேர்ந்தபின் அவர் செய்தது எனக்கு வியப்பளித்தது. மணலிலே மார்பு படியக் குப்புறப் படுத்துவிட்டார்! நின்றபடி எடுத்தால் பறவையின் முதுகும் மணலுமே படத்தில் அமையும். அதன் கண்மட்டத்திற்கு நாமும் தாழ்ந்தால்தான் அதன் முகத்தைக் காண இயலும் என்றார். என்னையும் அவ்வாறே தமக்கு இடப்புறத்தில் சற்றுப் பின்னே கிடக்கச் செய்தார். என் வெள்ளை வேட்டி பறவைகளை மருட்டும் என்று கருதி, மணல் நிறத்துப் போர்வை ஒன்றை என்மீது விரித்தார். பண்டிதருக்கு வாய்த்த பொன்னாடை அது!

சிறிது பொழுதில் நீர்விளிம்பில் ஒரு கூட்டம் வந்திறங்கியது. அவை கொசு உள்ளான்கள். தேர்ந்த தையற்காரரின் ஊசியைப்போல் அவற்றின் அலகு ஓய்வின்றி ஈரமணலைக் குத்திக்கொண்டேயிருந்தது. அவற்றினிடையே உப்புக்கொத்திகள் இரண்டு. அவற்றின் இயல்பு வேறு. சில அடிகள் விரைந்தோடும், சட்டென நிற்கும், பெரிய கண்களால் நோக்கும், பிறகு கொத்தும். “உப்புக்கொத்தி நிற்கும் அந்தக் கணமே நமக்குரியது. உள்ளானோ நிற்பதேயில்லை, ஆகவே நொடியில் ஈராயிரத்தில் ஒரு பங்கு நேரமே கருவி கண்திறக்கவேண்டும்” என்று மெல்லக் கூறினார். வெண்மணலைக் கண்ட கருவி, ஒளி மிகுதியென மயங்கிப் படத்தை இருளச்செய்யுமாம். அதனால் ஒளியளவைச் சற்றே கூட்டியும் வைத்தார். முழங்கையால் ஊர்ந்து ஊர்ந்து முன்னேறினார். பறவைகள் மேய்ச்சலை விடுத்துத் தலைதூக்கினால் அசையாமல் கிடப்பார். அவை மீண்டும் மேயத்தொடங்கிய பின்னரே அடுத்த அடி. நாற்பது அடித் தொலைவைக் கடக்க அரைமணிப் பொழுதாயிற்று.

இனி நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும். என் முழங்கால் மரத்துப்போயிற்று. ஒரு கணம் எழுந்து நிமிர்ந்தால் என்ன என்று எண்ணி எழுந்தேன். முதுகுப்புறம் ஞாயிறு தாழ்ந்திருந்தமையால் என் நிழல் ஐம்பது அடிக்குமேல் நீண்டு, பறவைக் கூட்டத்தின் நடுவே சென்று வீழ்ந்தது. வீழ்ந்த அக்கணமே கூட்டம் முழுதும் எழுந்து, கடல்மேல் ஒருமுறை திரும்பி வெண்வயிறு பளிச்சிடக் காட்டி மறைந்தது.

அவர் சினங்கொள்ளவில்லை. நான் வருந்தியதைக் கண்டு, “படம் போனால் நாளை எடுக்கலாம், ஐயா. அவற்றுக்குத்தான் இழப்பு” என்றார். கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ 25 கிராம். ஓர் எலுமிச்சங்கனியின் எடைகூட இராது. இன்னும் சில வாரங்களில் அது புறப்பட்டு, வடதுருவத்தை அடுத்த சைபீரியச் சமவெளி போன்ற இடங்களுக்கு, 6,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு பறந்துசென்று அங்கே முட்டையிடும். வழிநடைக்குக் கட்டுச்சோறு கட்டுவதுபோல, உடலில் கொழுப்பைச் சேர்க்கும் காலம் இது. ஒவ்வொரு முறை வெருண்டெழும்போதும் சேர்த்ததில் ஒரு சிறிது கரைகின்றது. மேயும் நேரமும் குறைகின்றது. என் முழங்கால் நோவுக்கு அவை தந்த விலை அது.

திரும்பும் வழியில் உப்புக்கொத்தி ஒன்று எங்கள் முன்னே ஓடிவந்து, ஒரு சிறகை முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு மணலில் புரண்டது. ஒளியோ பொன்னாய்ப் பொழிந்தது. கைக்கெட்டும் தொலைவில் பறவை. “எடுங்கள், தம்பி, எடுங்கள்!” என்றேன். அவர் கருவியின் வில்லையை மூடிவிட்டார். “அருகே முட்டை இருக்கிறது, நம்மை அப்பால் ஈர்க்கவே இந்த நடிப்பு. காலைப் பார்த்து வையுங்கள், ஐயா” என்றார். உற்று நோக்கினேன். இரண்டடி அப்பால், மணலில் ஒரு சிறு குழி. அதில் மணலையே உருட்டிவைத்தாற்போலப் புள்ளியிட்ட முட்டைகள் மூன்று. அவர் சுட்டியிராவிடில் மிதித்திருப்பேன்.

அப்பறவையைக் குறித்து அவர் கூறிய செய்தி சுவையானது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிலையாக வாழும் இவ்வுப்புக்கொத்தி, கெண்டிசு உப்புக்கொத்தியின் ஓர் உள்வகையென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதன் மரபணுவை ஆராய்ந்தோர், அது தனியினமே என்று 2023ஆம் ஆண்டில் நிறுவினர். இருநாட்டுக்கும் இடையே கிடக்கும் திட்டுத்தொடரை அனுமன் படையினர் அமைத்த அணையென்று கதை கூறுதலால், இதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்னும் பெயரும் வழங்கலாயிற்று.

“ஒரே ஒரு படம் எடுத்தால் என்ன?” என்று மீண்டும் கேட்டேன், ஆசை யாரை விட்டது! “நாம் நிற்குமளவும் தாய் முட்டைமீது அமராது. வெயில் ஏறினால் மணல் சுடும், முட்டை வெந்துபோகும். காகமும் நாம் குனியும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்” என்று கூறி, வந்த அடிச்சுவட்டிலேயே என்னைக் கைப்பிடித்து விரைவாக நடத்திச் சென்றார். நெடுந்தொலைவு வந்தபின் திரும்பி நோக்கினோம். சிறகு முறிந்த பறவை எழுந்து ஓடி, நின்று, ஓடி, ஓரிடத்தில் அமர்ந்துகொண்டது.

அன்று அவருக்குக் கிட்டியது ஒரே படம். நான் எழுந்தபோது அவர் விரல் தன்னையறியாமல் அழுத்தியது. அதை அவர் அச்சிட்டு எனக்கு அனுப்பினார். என் எழுத்துமேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். உள்ளான்கள் மங்கலாகப் பறக்கின்றன. அவற்றின் கீழே, ஈரமணலில், தலைமுதல் கால்வரை தெளிவாக விழுந்திருப்பது என் நிழல்.