மேட்ச் பார்த்தாயா, கயலு?

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதுகிறேன். தீபாவளிக்கு வந்திருந்தபோது, கையில் பிசைந்த சோறு காயக் காய, நம் டேவிஸ் கோப்பை டென்னிஸ் அணியை நீ திட்டிய திட்டு இன்னும் இந்தக் கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. "நாட்டுக்காக ஆடணும்னு ஒருத்தனுக்கும் எண்ணமில்ல அத்தை. சும்மா ஜெர்சி மாட்டிக்கிட்டுப் போறாங்க" என்றாய். உன் அப்பா வாயே திறக்கவில்லை. அவனுக்கு உன்னிடம் பயம். எனக்குக் கிடையாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

கோபப்படாதே என்று சொல்ல வரவில்லை, கண்ணு. 1966, 1974, 1987 என்று மூன்று தடவை இறுதிச் சுற்றுக்கு வந்த நாடு நம்முடையது. 1974-இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்து ஆடவே மறுத்தோம். அந்தக் கோப்பை கைவிட்டுப் போனதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. 1966-இல் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான கடைசி ஆட்டம். ராமநாதன் கிருஷ்ணன் இரண்டு செட்டை இழந்து, நான்காவது செட்டிலும் 2-5 என்று பின்தங்கி, அங்கிருந்து எழுந்து தாமஸ் கோச்சை ஜெயித்தார். உன் தாத்தா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் புதிதாக வியர்த்துப்போவார். 1987-இல் சிட்னியில், ஆஸ்திரேலியாவின் சொந்தப் புல்தரையில், கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கடைசி ஆட்டத்தை ஜெயித்து நம்மை இறுதிக்குக் கொண்டுபோனார். அப்படிப்பட்ட அணி 2014 முதல் 2018 வரை ஐந்து வருஷமும் உலகப் பிரிவின் வாசல்வரை போய், செர்பியா, செக், ஸ்பெயின், கனடா, மறுபடி செர்பியா என்று தோற்றுத் திரும்பியது. 2023-இல் டென்மார்க்கிடம் தோற்று இன்னும் ஒரு படி இறங்கியது. கோபம் வரத்தான் செய்யும்.

என் கவலை வேறு. 2024 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனிடம் 0-4 என்று தோற்ற அன்று போனில் பொரிந்து தள்ளினாயே, நினைவிருக்கிறதா? "மேட்ச் பார்த்தியா?" என்று கேட்டேன். "ஸ்கோர் பார்த்தேன்" என்றாய்.

ஸ்கோரில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் நாள் எலியாஸ் யெமரை எதிர்த்து ஒற்றையரில் இறங்கியவர் ஸ்ரீராம் பாலாஜி. கோயம்புத்தூர்க்காரர், இரட்டையர் ஆட்டத்தையே தொழிலாக வைத்திருப்பவர். வழக்கமாக ஒற்றையர் ஆடும் சுமித் நாகலுக்கு முதுகுவலி. வேறு சிலரும் வரவில்லை. ஆள் இல்லாத இடத்தில், பழக்கமில்லாத வேலைக்குத் தலை கொடுத்துத் தோற்றார். அவரையும் சேர்த்துத்தான் நீ "ஜெர்சி மாட்டிக்கிட்டுப் போறவங்க" கணக்கில் போட்டுவிட்டாய்.

நாகலை நீ விட்டாயா? "பணம் கேக்குறார், தேசபக்தி இல்ல" என்றாய். அவர் வருஷத்துக்கு 50,000 டாலர் கேட்டதாக டென்னிஸ் சங்கம் சொன்னது. நாட்டுக்காக ஆடினாலும் ஆட்டக்காரருக்கு ஊதியம் தருவது வழக்கம்தான் என்று அவர் பதில் சொன்னார். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் நாட்டாமை இல்லை. ஆனால் அதற்கு முந்தின வருஷம் இதே நாகல், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். டென்னிஸில் மாதச் சம்பளம் கிடையாது கயலு. பயிற்சியாளர், விமான டிக்கெட் எல்லாம் பெரும்பாலும் ஆடுகிறவன் கைக்காசு. சின்னப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றால் வந்த செலவுக்கே பரிசுப் பணம் கட்டாது.

அந்த 900 யூரோவிலிருந்து நாலைந்து மாதத்தில் ஆஸ்திரேலிய ஓபனுக்குப் போய், சீடு பெற்ற பப்ளிக்கைச் சாய்த்தார். 1989-இல் நம் ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரை ஜெயித்ததற்குப் பிறகு, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் வேறெந்த இந்திய ஆணும் செய்யாத காரியம் அது. அடுத்த மாதமே சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் சேலஞ்சர் என்ற இரண்டாம் நிலைப் போட்டியை ஜெயித்து, முதல் தடவையாக உலகத் தரவரிசையில் நூறுக்குள் நுழைந்தார். நான் போயிருந்தேன். உன்னையும் கூப்பிட்டேன். "சேலஞ்சரை எல்லாம் யாரு அத்தை பார்ப்பாங்க?" என்றாய் மகராசி.

டேவிஸ் கோப்பையில் ஜெயிப்பதும் தோற்பதும் அந்தச் சேலஞ்சர் மைதானங்களில்தான் முடிவாகிறது. ஐந்து ஆட்டத்தில் நான்கு ஒற்றையர். நாமோ 43 வயதில் இரட்டையர் உலக முதலிடத்துக்கு வந்த போபண்ணாவைக் கொண்டாடிய நாடு. ஒற்றையருக்கு ஆள் தேடி அலைகிறோம். ஒற்றையர் ஆள் எங்கிருந்து முளைப்பான்? 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் ஆண்டுதோறும் நடந்த ஏடிபி போட்டி புனேக்குப் போனது. பிறகு அங்கேயும் நின்றது. உள்ளூர்ப் பையன்களுக்கு வைல்டு கார்டு என்ற நேரடி வாய்ப்பு கிடைத்த வாசல் மூடியாயிற்று. நீ கேலிசெய்யும் நம் அணியின் ராம்குமார், கிராண்ட்ஸ்லாம் தகுதிச் சுற்றில் இருபது தடவைக்கும் மேல் முட்டி மோதியவர். ஒவ்வொரு தடவையும் மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் உள்ளே விடுவார்கள். 2017-இல் உலகத்தின் எட்டாம் இடத்தில் இருந்த டொமினிக் தீமை ஜெயித்தவரும் அவர்தான். திட்ட வேண்டுமா? போட்டிகள் ஏன் குறைந்தன, அடுத்த தலைமுறைக்கு யார் செலவு செய்கிறார்கள் என்று சங்கத்தைப் பார்த்துக் கேள். அந்தக் கோபத்துக்கு நானும் கூட வருகிறேன்.

2010 செப்டம்பரில் அதே நுங்கம்பாக்கத்தில் பிரேசில் வந்து ஆடியது. முதல் நாள் இரண்டு ஆட்டமும் ஐந்து செட்வரை போய்த் தோற்றோம். என் வரிசையில் இருந்த ஒருவர் "இவனுங்க திருந்த மாட்டானுங்க" என்று எழுந்து போனவர், அப்புறம் வரவே இல்லை. மறுநாள் பயஸும் பூபதியும் இரட்டையரை ஜெயித்தார்கள். மூன்றாம் நாள் வெயில் தாங்காமல் பிரேசிலின் பெலுச்சி பாதியில் விலக, நம் சோம்தேவ் கணக்கைச் சமன் செய்தார். கடைசி ஆட்டத்தில் போபண்ணா, பிரேசிலின் மெல்லோவை நேர் செட்டில் முடித்தார். அந்த மனிதரும் ஊர் பூராவும் 'நான் நேரில் பார்த்தேன்' என்றுதான் சொல்லியிருப்பார்.

உனக்கும் அவர் ஜாதகம் இருக்கிறதோ என்று சில சமயம் தோன்றுகிறது. 2025 செப்டம்பரில் பீலில் ஸ்விட்சர்லாந்தை 3-1 என்று ஜெயித்தோம். ஐரோப்பிய அணியை அதன் மண்ணிலேயே சாய்த்தது, 1993-இல் பிரான்ஸை வென்றதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. தரவரிசையில் அறுநூறுக்கும் அப்பால் இருந்த தக்ஷிணேஸ்வர் சுரேஷ் முதல் ஆட்டத்தையே ஜெயித்தார். "எங்க மதுரைக்காரர் அத்தை!" என்று நடு ராத்திரியில் செய்தி அனுப்பினாய். முந்தின நாள்வரை அந்தப் பெயரை நீ கேட்டிருப்பாயா? நாகலும் அன்றைக்கு உனக்குச் சிங்கமாகிவிட்டார். ஒரே மாதத்தில், தீபாவளிக்குள், எல்லாரும் மறுபடி ஜெர்சிக்காரர்கள்!

டென்னிஸோடு போய்விடும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். முடிவை மட்டும் பார்த்து மனசை எடைபோடுவது ஒரு பழக்கம். போன மாதம் உன் தம்பியின் கணக்கு மார்க்கைப் பார்த்து, "இவனுக்குப் படிக்கணும்னு எண்ணமே இல்ல" என்றாயாமே. அவன் ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்து போட்ட கணக்குகளை நீ பார்க்கவில்லை. நாளைக்கு வேலைக்குப் போவாய், உனக்குக் கீழே நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் பிழை செய்யும் நாளில் பிழையைச் சொல், எண்ணத்தைச் சொல்லாதே. "செகண்ட் சர்வ் குட்டையா விழுது" என்றால் ஒருத்தன் திருத்திக்கொள்வான். "உனக்கு நாட்டுப் பற்று இல்லை" என்றால் அவன் என்னத்தைத் திருத்துவான்?

அதனால் அத்தை சொல்வதில் ரெண்டைப் பழக்கமாக்கிக்கொள். தோற்ற மேட்ச் ஒன்றையாவது மாதத்துக்கொரு தடவை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை பார். எந்த கேமில் ஆட்டம் கைமாறியது என்று ஒரு வரி எழுதி வை. உன் ஊருக்குப் பக்கத்தில் எங்கே சின்னப் போட்டி நடந்தாலும் ஒரு நாள் போய் உட்கார். கைதட்ட ஆள் இல்லாத கோர்ட்டாகப் பார்த்து உட்கார். இந்த இரண்டையும் செய்தபிறகு நீ திட்டினால் நானே காது கொடுத்துக் கேட்பேன்.

அடுத்த தடவை ஏதாவது ஒரு நாடு டேவிஸ் கோப்பைக்கு இங்கே ஆட வரட்டும். எந்த ஊரில் வைத்தாலும் டிக்கெட் என் செலவு, முறுக்கு உன் அம்மா செலவு. தோற்றால் திரும்பி வரும் ரயிலில் விடிய விடியத் திட்டலாம். ஒரே நிபந்தனைதான்: எந்த செட், எந்த கேம், எந்த சர்வ் என்று சொல்லித் திட்ட வேண்டும்.

பரீட்சை நேரத்தில் ராத்திரி கண் விழித்து மேட்ச் பார்க்காதே. மறுநாள் பார்த்தாலும் பந்து அதே இடத்தில்தான் விழும்.

அன்புடன்,
அத்தை