கொத்தியபின் அது வேறு கறி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும், கொத்துக்கறி பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகள் எல்லாம் காதில் விழுந்துவிடும். "பாய், கொழுப்பே வேணாம், சுத்தக் கறியா கொத்திக் குடுங்க." "மெஷின்ல போட்டுடாதீங்க, ருசி போயிரும்." "நேத்து வாங்குனது உள்ள கறுத்துக் கெடந்துச்சே, பழசக் கலந்துட்டீங்களா?" புளியமரக் கட்டையில் இரண்டு கத்திகள் மாறி மாறி விழ, பாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருப்பார். வியாபாரம் நடக்க வேண்டுமே.

கறித்துண்டுக்குச் செய்வதை எல்லாம் கொத்துக்கறிக்கும் அப்படியே செய்வதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு. கழுவுவது, ஊறவைப்பது, குக்கரில் வைப்பது, வெந்துவிட்டதா என்று பார்ப்பது என எதிலும் இரண்டும் ஒன்றல்ல. கத்தி விழுந்த நிமிடத்திலிருந்து அது வேறு பொருள்.

"மூன்று தண்ணீர் கழுவினால்தான் சுத்தம்"

கறித்துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். சூடு முதலில் தாக்குவதும் அங்கேதான். கொத்தும்போது அந்த மேற்பரப்பு முழுக்க உள்ளே கலந்துவிடுகிறது. அதன்பின் எத்தனை தண்ணீர் மாற்றினாலும் கிருமி வெளியே வராது, வெந்தால்தான் சாகும். கழுவும் தண்ணீரோடு போவது கறியின் சாறு. சிவப்பாக ஓடுகிறதே, அது ரத்தம் இல்லை. தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறமி. ருசியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, பஞ்சு போல நீர் குடித்த கறியைச் சட்டியில் போடுகிறோம். போதாததற்குத் தெறிக்கும் நீர் பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்தின் மேலும் விழுகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் கழுவாமல் சமைக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். கழுவாத கறி என்று தெரிந்தால் என் சித்தி என் வீட்டில் கை நனைக்கவே மாட்டார். எனவே ஒரு சமரசம்: முழுத்துண்டாகவே வாங்கி வாருங்கள். வீட்டில் மெதுவாக அலசி, ஈரம் போகத் துடைத்து, சிறு துண்டுகளாக்கி, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். குளிர்ந்து இறுகிய கறி கொத்தியது போலவே உதிரியாக வரும். தொடர்ந்து ஓட்டினால் விழுதாகிவிடும். கத்தியா மெஷினா என்ற சண்டையிலும் விஷயம் இதுதான். ருசியை மெஷின் திருடுவதில்லை. நசுக்கி, சூடேற்றிக் கூழாக்கும் மழுங்கிய பிளேடுதான் கெடுக்கிறது.

உள்ளே கறுத்துக் கிடந்தது பற்றியும் சொல்லிவிடுகிறேன். காற்று படும் இடத்தில் அந்த நிறமி சிவப்பாக இருக்கும். காற்றுப் புகாத நடுவில் பழுப்பாகும். பாய் மேல் பழி போட அது மட்டும் காரணமாகாது. பிசுபிசுப்பும் புளித்த வாடையும் இருந்தால் சண்டைக்குப் போகலாம்.

"மஞ்சள் தடவி வைத்தால் கெடாது"

கெடும். மஞ்சள் மணத்துக்கும் நிறத்துக்கும்தான். வெளியே வைக்கும் கறிக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு; வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். நம் ஊர் சித்திரையில் எந்தக் கணக்கு பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜில் பச்சைக் கொத்துக்கறி ஒன்றிரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கால் கிலோ கால் கிலோவாகப் பையில் போட்டு, சப்பாத்தி போலத் தட்டையாக்கி ஃப்ரீசரில் வையுங்கள். உருண்டையாக வைத்தால் வெளியே இளகி ஒழுகும்போது நடு கல்லாகவே இருக்கும். இளகவைப்பதும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில்தான், சமையல் மேடையில் அல்ல.

"கொழுப்பில்லாத கறிதான் உசத்தி"

ஆட்டுக்கறியில் தசைக்குள் ஊடுருவிய கொழுப்பு இயல்பிலேயே குறைவு. இருப்பதையும் நீக்கிவிட்டுக் கொத்தினால் சட்டியில் மரத்தூள்தான் மிஞ்சும். அரைக் கிலோவுக்கு 50 கிராம் கொழுப்பாவது சேர்த்துக் கொத்தச் சொல்லுங்கள். மசாலாவின் மணத்தை நாக்குவரை சுமந்துவருவது அதுதான். தாளிக்க எண்ணெயும் குறையும். ஆனால் கிடா வாடை என்று நாம் முகம் சுளிப்பதும் கொழுப்பில்தான் இருக்கிறது. அதனால் வயசான கிடாயின் கொழுப்பைத் தவிருங்கள், இளங்குட்டியின் கொழுப்பைத் தவிர்க்க வேண்டாம். ஆறினால் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும் என்பது உண்மை. சுடச்சுடச் சாப்பிடுவதுதான் அதற்கு மருந்து.

"கொத்துக்கறி என்றாலே சிக்கனம்"

கிலோ விலையைப் பார்த்தால் இது சுத்தப் பொய். கொத்துக்கறி எலும்பில்லாக் கறி. கடைகளில் அதற்குத் தனி விலை, கூடுதல் விலை. கொத்துக்கறியின் சிக்கனம் அளவில் இருக்கிறது. கால் கிலோ கறியைத் துண்டாகப் போட்டால் ஐந்து பேர் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம், அவனுக்கு எத்தனை, எனக்கு எத்தனை என்று. அதே கால் கிலோவைக் கொத்திப் போட்டால் எல்லார் வாயிலும் ஒவ்வொரு கவளத்திலும் கறி இருக்கும். எண்ண முடியாததால் சண்டையும் இல்லை.

இந்தச் சூத்திரம் நம் ஊருக்குப் பழக்கமானதுதான். ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப் பால் எல்லாம் சேர்ந்த அண்டாவில் கொத்துக்கறி ஒரு சிறு பங்குதான். ஆனால் மூடியைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். மதுரையின் கறி தோசையும் அப்படித்தான்: தடித்த தோசை, மேலே முட்டை, அதற்கு மேல் ஒரு கரண்டி கொத்துக்கறி. தோசை என்னவோ மாவால் ஆனதுதான், பெயரைத் தட்டிக்கொண்டு போவது கறி.

வீட்டில் நான் செய்வது இது. கடையில் முன்னங்கால் சப்பையாக வாங்கி, சதையை எடுத்துத் தரச் சொல்வேன். எலும்பைக் கேட்டு வாங்கிக்கொள்வேன், அதற்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்திருக்கிறோம். எலும்பு அன்றைய தால்ச்சாவுக்கு. சதையில் கால் கிலோவுக்கு 100 கிராம் கடலைப்பருப்பு. பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, தனியாக முக்கால் வேக்காட்டில் இறக்கி, வறுபட்ட கறியோடு சேர்த்தால் குழையாமல் முழுசாக நிற்கும்.

பருப்புச் சேர்த்தால் சத்து போய்விட்டது, கறியை ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். 100 கிராம் கடலைப்பருப்பிலும் 100 கிராம் பச்சை ஆட்டுக்கறியிலும் புரதம் ஏறக்குறைய 20 கிராம்தான். பி12 கறியில்தான் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பருப்பில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே கொஞ்சம் கறி இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆக, இந்தக் கூட்டணியில் லாபம் பருப்புக்கும்தான்.

மீல்மேக்கர் தூளும் கைகொடுக்கும். 50 கிராம் ஊறினால் ஏறத்தாழ 150 கிராம் ஆகும். வெந்நீரில் ஊறவைத்து ஒட்டப் பிழிந்து, கறி வறுபட்டபின் போட வேண்டும், அப்போதுதான் கறியின் நெய்யைக் குடிக்கும். கால் பங்கு போட்டால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. பாதிக்குப் பாதி போட்டால் கடைக்குட்டிகூடக் கண்டுபிடித்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது.

"தண்ணீர் ஊற்றி நாலு விசில் விட்டால்தான் வேகும்"

ஆட்டுத்துண்டை மென்மையாக்கக் குக்கர் வேண்டும். கொத்துக்கறியில் அந்த வேலையில் பாதியைக் கத்தியே முடித்துவிட்டது. நார்கள் அறுபட்டுக் கிடக்கின்றன. மூடிபோட்டு இருபது இருபத்தைந்து நிமிடம் போதும், கறி தானே விடும் நீரே போதும்.

இதைவிடப் பெரிய பிழை வேறு. குறுகிய சட்டியில் அரைக் கிலோவையும் ஒன்றாகக் கொட்டி, உடனே உப்பையும் போட்டுக் கிண்டுகிறோம். கறி நீர் விட்டு அதிலேயே சாம்பல் நிறத்தில் அவிகிறது. நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வறுத்த மணம் பிறக்க 140 டிகிரியாவது வேண்டும். அகன்ற இரும்புச் சட்டியை நன்றாகக் காயவிட்டு, கறியை இரண்டு ஈடாகப் போடுங்கள். போட்டதும் கிண்டாதீர்கள். சடசட என்ற சத்தம் நீர் சுண்டும் சத்தம். அது அடங்கி, கறி ஓரத்தில் எண்ணெய் கக்கி, அடியில் பழுப்பேறி, கரண்டியால் சுரண்டினால் வறுவல் வாசம் வரும்போது புரட்டுங்கள். வெங்காயமும் உப்பும் அதன்பிறகு. செலவு ஒரு காசு கூடாது, ருசி மட்டும் கூடும்.

"முட்டை ஊற்றினால்தான் கோலா உடையாது"

என் முதல் கோலா உருண்டைகள் எண்ணெயில் விழுந்ததும் கலைந்து தூளாகிவிட்டன. அன்று அதை வடித்தெடுத்துச் சாதத்தில் பிசைந்து புதுப் பதார்த்தம் என்று பரிமாறினேன். முட்டை ஊற்றாததுதான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். உண்மையில் நான் கறியை வேகவைத்து அரைத்திருந்தேன். பச்சைக் கறியில் உப்புப் போட்டுப் பிசைந்தால் தசைப் புரதம் கரைந்து பசையாகும், வேகும்போது இறுகித் தானே பிடித்துக்கொள்ளும். வெந்த கறியில் அந்தப் புரதம் ஏற்கெனவே இறுகிவிட்டது, இனி ஒட்டாது. அதற்குத்தான் பொட்டுக்கடலை மாவு, வேண்டுமானால் முட்டை. பச்சையாக அரைத்தாலும் ஒரு பிடி பொட்டுக்கடலை மாவு நல்லது, சாற்றை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். ரொம்பவும் பிசைந்தால் ரப்பர் பந்தாகும். மென்மைக்கென்று பப்பாளிக்காய் அரைத்துச் சேர்ப்பது துண்டுக்கறிக்குச் சரி. கோலாவில் சேர்த்தால் உள்ளே கூழாகி உருண்டை நிற்காது.

"நிறம் மாறினால் வெந்துவிட்டது"

மற்றதெல்லாம் ருசிக்கு, இது பாதுகாப்புக்கு. முழுத்துண்டுக் கறிக்கு 63 டிகிரி போதும் என்றும், கொத்திய கறியின் நடுவே 71 டிகிரி ஏற வேண்டும் என்றும் அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. கோழிக் கைமாவுக்கு 74. கிருமி நடுவில் கலந்திருப்பதுதான் காரணம். கொத்துக்கறி அந்தச் சூட்டை எட்டும் முன்பே சில சமயம் பழுப்பாகிவிடும், கண்ணை நம்ப முடியாது. குழம்பிலும் வறுவலிலும் கவலை இல்லை, தளதளவென்று கொதிப்பதே போதும். கோலாவிலும் கட்லெட்டிலும்தான் ஏமாறுவோம்: எண்ணெய் புகைந்தால் வெளியே ஒரு நிமிடத்தில் சிவந்துவிடும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். உருண்டை நெல்லிக்காய் அளவைத் தாண்ட வேண்டாம். மிதமான தீ, ஐந்தாறு நிமிடம். சமையல் வெப்பமானி இல்லாத வீட்டில் முதல் ஈட்டில் ஒன்றை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். நடுவிலிருந்து ஆவி பறக்க வேண்டும், விரலில் பிசுக்கு ஒட்டக் கூடாது. பிட்டுப் பார்த்த அந்த ஒன்று அடுப்படியில் நிற்பவருக்கு. எங்கள் வீட்டில் அது எண்ணிக்கையில் சேர்வதில்லை.