பழைய முடிவை முதலில் வாசி

அன்புள்ள தங்கைக்கு,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோவைக்கு வேலைக்குப் போய்வரும் உனக்கு உன் மென்பொருள் டீமில் ஸ்க்ரம் மாஸ்டர் பொறுப்பு வந்திருக்கிறது. வாழ்த்துகள். ஒவ்வொரு இரண்டு வார வேலைச் சுற்றின் (ஸ்பிரிண்ட்) முடிவிலும், செய்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டம் நடத்தினாலும் ‘எல்லாம் நல்லாத்தான் போகுது’ என்று சொல்லி ஆளாளுக்கு எழுந்துவிடுகிறார்கள் என எழுதியிருந்தாய். இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வரும் பலருக்கும் இதே குறை உண்டு. அதனால் எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

ரெட்ரோ கற்றுக்கொள்ள நீ தூரமாகப் போக வேண்டாம். உங்கள் பக்கத்தில் வாராவாரம் நடக்கும் குடும்பஸ்ரீ கூட்டத்தில் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார். 1998-இல் தொடங்கிய திட்டம் அது. 10 முதல் 20 பெண்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். சேமிப்புப் பணம் வசூலாகும். கடன் தவணையை யார் கட்டினார், யார் பாக்கி என்று கணக்குப் பார்ப்பார்கள். பேசி முடிவானது மினிட்ஸ் புத்தகத்தில் ஏறும். புத்தகம் எதிரே விரிந்து கிடக்கும்போது ‘எல்லாம் நல்லாத்தான் போகுது’ என்று சொல்லி நழுவ முடியாது.

உன் டீமில் இல்லாதது அந்தப் புத்தகம்தான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி, மென்பொருள் வேலைமுறை பற்றிய அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதன் 12 கோட்பாடுகளில் கடைசியானது ரெட்ரோவைப் பற்றியது: குழு அவ்வப்போது தன் வேலையைத் திரும்பிப் பார்க்க வேண்டும், பார்த்ததற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும். நாம் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறோம். மூன்று ரெட்ரோவில் சொன்ன எதுவும் நடக்கவில்லை என்றால் நாலாவதில் எவர் வாய் திறப்பார்? கூச்சம் என்று நீ நினைப்பது பெரும்பாலும் சலிப்புதான்.

அவர்கள் வாய் திறக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அவர்களுக்காக வேறொருவர் பேசிவிடுகிறார். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பெயரில் அதுவரை பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களை அவர்களே ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற அவர்கள் அமைப்பின் பெயர் அப்போதுதான் வெளியே தெரிந்தது. 9 நாள் போராட்டத்தின் முடிவில் போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. கொழுந்து பறிப்பவளின் சங்கடத்தை அவள் வாயால் கேட்க வேண்டும். உன் டீமிலும் டெஸ்டர் படும் பாட்டை லீட் எடுத்துச் சொன்னால் பாதிதான் வரும். மேனேஜரிடம் பக்குவமாகப் பேசி, ரெட்ரோவுக்கு வராமல் இருக்கச் சொல். வந்தே தீருவேன் என்றால் கடைசியில் பேசட்டும்.

பேச்சைத் தொடங்குமுன் 5 நிமிடம் எல்லோரும் மௌனமாகச் சீட்டில் எழுதட்டும். தமிழிலோ மலையாளத்திலோ எழுதலாம் என்று சொல். ஆங்கிலம் சரளமாக வருபவர்களே பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவர் வாயடைத்துப் போவதுண்டு.

அடுத்தது, ஆளைப் பிடிக்காதே, நாளைப் பிடி. ‘டெஸ்டிங்தான் லேட்’ என்று ஒருவர் சொன்னால் போர்டில் திங்கள் முதல் வெள்ளி வரை கோடு போட்டு, நடந்ததைக் குறி. உதாரணமாக, செவ்வாய் மாலை வாடிக்கையாளர் ஒரு திரையை மாற்றச் சொன்னார். புதன் முழுக்க அதற்கே போனது. பில்ட் டெஸ்டர் கைக்கு வந்தது வியாழன் இரவு. இப்போது குற்றவாளி யாரும் இல்லை. வாரத்தின் நடுவில் உள்ளே நுழைந்த மாற்றம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அவரவர் தமக்குத் தெரிந்த அளவில், கிடைத்த வசதியில் முடிந்ததைச் செய்தார்கள் என்று நம்பித் தொடங்கு என நார்மன் கெர்த் ரெட்ரோ பற்றிய தன் நூலில் சொன்னது இதற்காகத்தான்.

முடிவு ஒன்று போதும். ‘கம்யூனிகேஷனை மேம்படுத்துவோம்’ என்பது முடிவல்ல, ஆசை. ‘திங்கட்கிழமைக்குப் பிறகு வரும் மாற்றம் அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போகும், வாடிக்கையாளரிடம் இதை இன்னார் இந்தத் தேதிக்குள் சொல்வார்’ என்பது முடிவு. டீமின் கையில் இல்லாத குறையை, சம்பளமோ சர்வர் செலவோ, தனியாக எழுதி மேலே கொண்டுபோ. என்ன பதில் வந்தது என்று, ‘முடியாது’ என்றே வந்திருந்தாலும், திரும்பி வந்து சொல்.

நேரத்தை நீட்டாதே. ஒரு மாத ஸ்பிரிண்டுக்கே 3 மணி நேரம்தான் உச்சவரம்பு என்கிறது ஸ்க்ரம் கையேடு. உன் இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் தாராளம்.

அடுத்த ரெட்ரோவில் போன தடவை எடுத்த முடிவை முதலில் உரக்க வாசி. நடந்திருந்தால் அதைச் செய்து முடித்தவரைப் பாராட்டிவிட்டு மேலே போ. நடக்கவில்லையா, புதிதாக எதுவும் எடுக்காதே, பழையதை முடி.

அன்புடன்,
அண்ணன்