துடுப்பை நிறுத்திக் கேளுங்கள்

கேள்வி: கயாக் ஓட்ட ஆசை. நீச்சல் அரைகுறைதான். எங்கே போகலாம்?
– வாசகி, மதுரை

பதில்: காரங்காடு போங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே இருக்கும் மீனவக் கிராமம். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் கயாக் விடுகிறார்கள். அலையை ஆற்றுவதால்தான் அலையாத்தி. பெயரிலேயே உங்கள் பயத்துக்கு மருந்து இருக்கிறது. உள்ளே போனதும் துடுப்பை மடியில் வைத்துவிடுங்கள். அதன் நுனியிலிருந்து சொட்டும் நீரின் சத்தம்கூடக் கேட்கும். கரைச் சேற்றில் மூச்சுவேர்கள் பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்கும். அந்த மரங்களின் இலையைத் தடவி விரலை நாக்கில் வையுங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வெளியேற்றுகிறது. இதை எந்தப் பாடப்புத்தகமும் இப்படிச் சொல்லித் தராது. காலையில் போங்கள், வெயில் ஏறினால் தாங்காது. உயிர்காப்பு உடையை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.