குளத்துப் பாசியில் எண்ணெய் வடியுமா?

தெப்பல் நடக்கும் அய்யங்குளமானாலும் கிரிவலப் பாதைத் தீர்த்தங்களானாலும், தண்ணீர் பச்சை கட்டினால் ‘இதிலிருந்து எண்ணெய் எடுக்கலாமே’ என்று கேட்பவர்கள் திருவண்ணாமலையிலும் உண்டு. பாசி எண்ணெயில் சோப்பும் பிளாஸ்டிக்கும் செய்ய முடியும். ஆனால் அதற்கான வழி நாம் நினைப்பதுபோல் இல்லை.

நம்பிக்கை: குளத்துப் பாசியை வழித்தெடுத்தாலே போதும்.

உண்மை: திறந்த தொட்டியில் பார்த்துப் பார்த்து வளர்த்தாலும் ஒரு லிட்டருக்கு அரை கிராம் அளவில்தான் காய்ந்த பாசி தேறும். ஆயிரம் லிட்டருக்கு அரை கிலோ. அதில் கால் பங்கு எண்ணெய் என்று வைத்தாலும் 125 கிராம்தான். தண்ணீரைப் பிரிக்கும் செலவுதான் இத்தொழிலின் பெருஞ்சுமை. குளத்தை மூடும் படலமோ பல நேரம் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசி. அதில் எண்ணெய் சொற்பம்; ஈரலைக் கெடுக்கும் நச்சும் இருக்கலாம்.

நம்பிக்கை: சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர்ப்பவர்கள் எண்ணெயும் எடுக்கலாம்.

உண்மை: புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் வளர்க்கும் சுருள்பாசி ஊட்டச்சத்துக்கானது. காய்ந்த சுருள்பாசியில் சுமார் 60 விழுக்காடு புரதம். கொழுப்பு பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நம்பிக்கை: வெயில் இருந்தால் மூலப்பொருள் இலவசம்.

உண்மை: அமெரிக்காவின் சோலசைம் நிறுவனம் வெயிலையே நம்பவில்லை. மூடிய எஃகுத் தொட்டிகளில் பாசிக்குச் சர்க்கரை ஊட்டி எண்ணெய் எடுத்தது. 2013-ல் சோப்பு தயாரிக்கும் யூனிலீவர் நிறுவனம் குறைந்தது 10,000 டன் வாங்க ஒப்பந்தம் செய்தது. 2014-ல் பிரேசிலில் கரும்பு ஆலையை ஒட்டி உற்பத்தி தொடங்கியது. ஆனாலும் செலவைத் தாங்காமல், டெர்ராவியா என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2017-ல் திவாலானது.

நம்பிக்கை: பாசி எண்ணெய் என்றால் வண்டிக்கு டீசல்.

உண்மை: வண்டி ஓடும். குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் 2012-லேயே பாசி டீசல் கலந்து கார் ஓட்டிக் காட்டியது. விலைதான் கட்டுப்படியாகவில்லை. 2009-ல் பெரிய அறிவிப்போடு பாசி எரிபொருள் ஆய்வில் இறங்கிய எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் 2023-ல் ஒதுங்கிக்கொண்டது. எரித்துவிடும் எண்ணெயைவிட, கூடுதல் விலை பெறும் வேதிப்பொருள்களில்தான் பாசிக்கு எதிர்காலம். சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் பாசி எண்ணெயிலிருந்து பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் நுரை செய்து, 2015-ல் அலைச்சறுக்குப் பலகையும், பிறகு மண்ணில் மக்கும் செருப்பும் உருவாக்கினார்கள்.

பாசி எண்ணெய்த் திட்டம் என்று யாராவது முதலீடு கேட்டு வந்தால், ஒரு கிலோ எண்ணெய்க்கு ஆகும் மொத்தச் செலவை முதலில் கேளுங்கள். நம் குளங்கள் பச்சை கட்டுவது பெரும்பாலும் கழிவுநீரும் குப்பையும் சேர்வதால்தான். அங்கே எண்ணெய் தேட வேண்டாம்; கழிவு கலப்பதைத் தடுப்போம்.