உப்பைத் தின்றால் கதிர்வீச்சு ஓடாது

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வைத்தியமும் கூடவே கிளம்பிவிடுகிறது: “ஏதாவது கசிந்தால் அயோடின் உப்பை அதிகம் சேர்த்துக்கொள்ளுங்கள், கழுத்தில் பெட்டாடின் தடவுங்கள்.” 2011 மார்ச்சில், ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்தையொட்டி, பிபிசி பெயரில் ஆசியாவெங்கும் சுற்றிய பொய்க் குறுஞ்செய்தியிலேயே இந்தப் பெட்டாடின் யோசனை இருந்தது. பிபிசி உடனே மறுத்தது. அதே மாதம் சீனாவில், அயோடின் உப்பு காக்கும் என்று நம்பி வாங்கியதில், கடை கடையாக உப்பு தீர்ந்துபோனது. படித்தவர்களே இன்னும் இந்த வைத்தியத்தைப் பரப்புவது பொறுப்பற்ற செயல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டைக் காக்கப் பெரியவருக்குத் தரப்படும் பொட்டாசியம் அயோடைடு 130 மில்லிகிராம். அதில் அயோடின் சுமார் 100 மில்லிகிராம். கடை உப்பில் இருக்கவேண்டிய குறைந்தபட்ச அயோடின் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஒரு மாத்திரைக்கு ஈடுகட்ட ஆறு கிலோவுக்கு மேல் உப்புத் தின்ன வேண்டும். அவ்வளவு உப்பு ஆளையே கொன்றுவிடும்! பெட்டாடின் காயத்துக்கான மருந்து, கதிர்வீச்சுக்கானது அல்ல. மாத்திரையைக்கூட அதிகாரிகள் சொல்லும் நேரத்தில் போட்டால்தான் பலன். சீசியம் போன்ற மற்றக் கதிரியக்கப் பொருள்களை அது தடுக்கவே தடுக்காது.

உண்மையில் கவனிக்க வேண்டியது பாலை. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது கதிரியக்க அயோடின்-131 புல்லில் படிந்து, மாட்டின் வழியாகப் பாலில் இறங்கியது. அன்று சிறுவர்களாக இருந்தவர்களில் 2005க்குள் 6,000க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதில் கணிசமான பங்குக்கு அந்தப் பால் காரணமாகக் கருதப்படுகிறது. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறையும். அந்தச் சில வாரங்கள் பாலை நிறுத்தியிருந்தாலே பல குழந்தைகள் தப்பியிருப்பார்கள். விபத்து நேர்ந்தால் அம்பத்தூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்வி, ஆவின் பால் எந்த ஊரிலிருந்து வருகிறது, சோதித்தார்களா என்பதுதான்.

இன்னொரு வதந்தி: “கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட் தாண்டினால் புற்றுநோய்.” இல்லை. அது சாதாரண காலத்தில் அணு உலை போன்றவற்றால் பொதுமக்களுக்குச் சேரலாம் என்று வைத்த ஆண்டு வரம்பு. மண்ணும் வானமும் தருவதே உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4. புகுஷிமாவில் மக்களை வெளியேற்ற வைத்த அளவு 20. நீண்டகால இலக்கு 1.

மற்றொன்று: “சென்னையே காலியாகும்.” அதுவும் இல்லை. கல்பாக்கத்தின் அவசரகாலத் திட்ட வட்டம் 16 கிலோமீட்டர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டருக்கு அப்பால்.

கல்பாக்கத்தைவிட அருகிலுள்ள ஆபத்தை யாரும் பேசுவதில்லை. 2010இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலம்விட்ட பழைய கருவி காயலான் கடைக்குப் போனது, உள்ளே கோபால்ட்-60. அதைப் பிரித்ததில் ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். வெல்டிங் சோதனைக்கும் இதுபோன்ற கதிரியக்கப் பொருள்கள் பயன்படுகின்றன. ஆகவே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு காயலான் கடையிலும் கதிரியக்கத்தின் மூவிதழ்க் குறியைப் படமாக ஒட்ட வேண்டும். அந்தக் குறியுள்ள பொருளோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டியோ வந்தால் உடைக்காமல் விலகி நின்று 112ஐ அழைக்கச் சொல்லித் தர வேண்டும். மாநகராட்சிகள் இதை இந்த ஆண்டே தொடங்கலாம்.